மனந்திரும்ப ஒரு நாள் லீவு

ஜெர்மனியில் வாங்கிய முதல் சம்பளச் சீட்டில் வருமான வரி இருந்தது, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் இருந்தது. அதெல்லாம் சரி, எதிர்பார்த்ததுதான். நடுவில் 'கிர்ஹென்ஷ்டொயர்' என்று இன்னொரு பிடித்தம். பக்கத்து மேஜைக்காரனிடம் காட்டினேன். அவன் நாற்காலியைச் சுழற்றி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "இங்கே பாருங்கள், இவன் சர்ச் வரி கட்டுகிறான்!" ஏழெட்டுத் தலைகள் திரும்பின. இந்தத் தளத்திலேயே நான் ஒருத்தன்தானாம்.

வந்த புதிதில் நகராட்சியில் முகவரி பதியப் போனபோது பாரத்தில் மதத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. நம் ஊர்க்காரனுக்கு அந்தக் கட்டத்தைக் கண்டால் கை சும்மா இருக்குமா? புராட்டஸ்டண்ட் என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவ்வளவுதான், விஷயம் வரி அலுவலகத்துக்குப் போய்விட்டது. இங்கே அரசாங்கமே திருச்சபைக்காக வசூல் செய்து கொடுக்கிறது. பவேரியாவிலும் பாடன்-வுர்ட்டெம்பெர்க்கிலும் 8 சதவீதம், நான் இருக்கும் சாக்சனி உட்பட மற்ற மாநிலங்களில் 9 சதவீதம். நல்ல வேளை, சம்பளத்தில் 9 இல்லை, கட்டுகிற வருமான வரியின் மேல் 9. ஆனாலும் அதை ரூபாயாக மாற்றிப் பார்த்தவனுக்குத்தான் வலி தெரியும். வேண்டாமென்றால் பதிவு அலுவலகத்துக்குப் போய் ஒரு கையெழுத்துப் போட்டால் சபையிலிருந்தே பெயர் எடுபட்டுவிடும். 2022-இல் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி விலகினார்கள்.

அம்மாவிடம் போனில் புலம்பினேன். "நம்ம சங்கம் மாதிரிதானய்யா? கட்டிட்டுப் போ" என்றாள்.

சங்கமும் இதுவும் ஒன்றா? சங்கம் என்பது ஊரில் சபைக்கு நாங்கள் வருஷந்தோறும் கொடுக்கும் காணிக்கை. அதைப் பிரிக்க எங்கள் வீட்டுக்குப் பொருளாளர் மாமா வருவார். ரசீது புத்தகத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு காப்பி குடிப்பார். போன வருஷத்தைவிட நூறு ரூபாய் கூட்டிக் கேட்பார். அப்பா, கோயில் வெள்ளையடித்த கணக்கு எங்கே என்பார். இரண்டு பேரும், பிஷப்பின் கீழுள்ள சபைகளுக்கெல்லாம் நடக்கும் திருமண்டலத் தேர்தல்வரை போய்ச் சண்டைபோட்டுவிட்டு, கடைசியில் ஜெபம் பண்ணி முடிப்பார்கள். அது போதாதென்று அம்மா உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவாள். பிடியரிசிக் காணிக்கை. பசிக்கிற நேரத்தில் அந்த டப்பாவைத்தான் நான் முறைத்துக்கொண்டிருப்பேன். கொடுப்பது என்றால் கை நீள வேண்டும், கொஞ்சம் வலிக்க வேண்டும், யாரையாவது திட்டவாவது வேண்டும். இங்கே கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிறது, ரசீது தர யாரும் வீட்டுக்கு வருவதில்லை.

நானும் யாரையும் தேடிப் போகவில்லை. ட்ரெஸ்டன் நகரத்து ஞாயிற்றுக்கிழமை அப்படி. கடை கிடையாது, சத்தம் கிடையாது. துணி துவைப்பது, எல்பே ஆற்றங்கரையில் நடப்பது, வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஊர் ஆராதனையை யூடியூபில் ஓடவிடுவது. பிரசங்கம் நீண்டால் நகர்த்திவிடலாம், அது ஒரு வசதி. அம்மா, "கோயிலுக்குப் போனியாய்யா?" என்று கேட்டால் "ஆராதனை பார்த்தேன்மா" என்பேன்.

ஊரில் இந்தப் பேச்செல்லாம் செல்லாது. மெஞ்ஞானபுரத்தில் வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் ஜான் தாமஸ் ஐயர் (எங்களுக்குப் பாதிரியார்தான் ஐயர்) எழுப்பிய கோயில் கோபுரம் தேரிக்காட்டில் எவ்வளவு தூரத்தில் நின்றாலும் தெரியும். அதைப் பார்த்து வளர்ந்த பக்கம் எங்களுடையது. முதல் மணிக்குக் குளியல், இரண்டாம் மணிக்குச் செருப்பு. ஒரு ஞாயிறு உன் இடத்தில் நீ உட்காரவில்லை என்றால் மத்தியானத்துக்குள் நாலு பேர், "காய்ச்சலா?" என்று வந்துவிடுவார்கள். என் பக்தியில் பாதி அந்த நாலு பேருக்குப் பயந்த பக்தி என்று இப்போது தோன்றுகிறது. மீதியைக் கோயில்பிள்ளை மணியடித்தும் அம்மா கஞ்சி போட்ட சட்டையை நீட்டியும் பார்த்துக்கொண்டார்கள். அசனம் என்கிற கோயில் விருந்துச் சாப்பாட்டின் வாசனைக்குத் தனியாக ஒரு பங்கு கொடுக்க வேண்டும். ஆயிரம் பேருக்கு வேகிற சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும், வாளியோடு ஓடுகிற அண்ணன்மார்களும். சரி, வரிக்கு வருவோம்.

நவம்பரில் இன்னொரு வேடிக்கை தெரிந்தது. கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அட்வெண்ட் காலம் தொடங்குமுன் ஒரு புதன்கிழமை 'பூஸ் உண்ட் பெட்டாக்', மனந்திரும்புதலுக்கும் ஜெபத்துக்குமான நாள். முன்பு ஜெர்மனி முழுக்க விடுமுறையாக இருந்ததாம். முதியோர் பராமரிப்புக் காப்பீட்டை 1995-இல் கொண்டுவந்தபோது, முதலாளிகள் கட்ட வேண்டிய பங்கை ஈடுகட்ட ஒரு விடுமுறையை வெட்டினார்கள். வெட்டுப்பட்டது இந்த நாள். சாக்சனி மட்டும் தர மாட்டோம் என்று நின்றுவிட்டது. அதற்கு விலையாக, இங்கே வேலை செய்கிறவர்கள் அந்தக் காப்பீட்டுக்கு மற்ற மாநிலத்தாரைவிட அரை சதவீதம் கூடுதலாகக் கட்டுகிறோம். கோயில் வாசலை மிதிக்காதவனும் கட்டுகிறான். பக்கத்து மேஜைக்காரனிடம் சொன்னேன்: "நீயும்தான் மனந்திரும்புதலுக்குக் காசு கொடுக்கிறாய்." அவன் முகம் போன போக்கு! அன்றைக்கு அவன் குடும்பத்தோடு பெர்லினுக்குக் கடைக்குப் போகிறானாம். அங்கே விடுமுறை இல்லை, எல்லாம் திறந்திருக்கும்.

நான் தூங்குவதாகத்தான் இருந்தேன். காலையில் விழித்துப் படுத்திருந்தபோது கணக்குதான் உறுத்தியது. ஒரு ஆராதனைக்கு இரண்டு வழியில் காசு போகிறது, ஒரு தடவையாவது போய் உட்கார்ந்துவிட்டு வருவோமே. ஆவியானவர் ஏவினார் என்று சாட்சி சொல்ல ஆசைதான். ஏவியது சம்பளச் சீட்டு.

கோயில் பெரியது. ஆட்கள் முன்வரிசைகளோடு முடிந்துவிட்டார்கள், நரைக்காத தலை என்னுடையது மட்டும். உள்ளே பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. ஒவ்வொரு பெஞ்சிலும் மடித்து வைத்த கம்பளி. இத்தனை பெரிய கூடத்தைச் சூடாக்கக் கட்டுப்படியாகாது என்று, குளிர் முற்றியதும் பக்கத்துச் சின்ன மண்டபத்துக்கு மாறிவிடுவார்களாம். அந்தக் குளிரிலும் பாவ அறிக்கை வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். முட்டியைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சைப் பற்றி, ஒவ்வொருவராக. என் ஜெர்மன் அரைகுறை. ஆனாலும் எந்த இடத்தில் செய்யாமல் விட்டது வரும், எந்த இடத்தில் செய்யத்தகாதது வரும் என்று எனக்குத் தெரியும். ஊரில் வாரா வாரம் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்ததுதானே. இங்கே மொழி புரியாததால் ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்படித் தேடும்போது சொல்கிற பொருளும் கூடவே மாட்டிக்கொண்டது. அதுவரை ஒரு தடவைகூட இந்த அறிக்கையை நான் கேட்டதில்லை போலிருக்கிறது.

முடிந்ததும் காப்பி. எண்பதை நெருங்கும் ஒரு பாட்டி ஒரு கையில் கோப்பையும் மறு கையில் ஒற்றைக் கையுறையுமாக, இன்னொரு கையுறையைத் தேடிக்கொண்டே என்னிடம் பேச்சுக்கொடுத்தார். கிழக்கு ஜெர்மனி காலத்தில் வளர்ந்தவர். அப்போது பதினாலு வயதில் பிள்ளைகளுக்கு அரசாங்கம் 'யூகெண்ட்வைஹெ' என்று ஒரு சடங்கு நடத்தியது. சோஷலிச நாட்டுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று உறுதி சொல்ல வேண்டும். வளர்ந்த பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடும் திருச்சபையின் திடப்படுத்தலுக்குப் போட்டியாக வந்தது அது. இவர் 1960-களின் தொடக்கத்தில் அதை மறுத்துவிட்டுத் திடப்படுத்தல் மட்டும் எடுத்திருக்கிறார். அதோடு மேற்படிப்புக்கான பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. டாக்டராக ஆசை. ஆயுள் முழுக்க ஆஸ்பத்திரியில் செவிலியாக இருந்தார். இதைச் சொல்லும்போது குரலில் ஒரு ஏற்றமும் இல்லை. கையுறை மேஜைக்கடியில் கிடந்தது, எடுத்துக் கொடுத்தேன். எனக்குத் திடப்படுத்தலன்று ஒரு கைக்கடிகாரமும் வீட்டில் பிரியாணியும் கிடைத்தது.

"நீங்கள் எப்படிக் கிறிஸ்தவர்?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் பதில் தயார். தாத்தாவுக்கு அப்பா காலம், ஜான் தாமஸ் ஐயர், கோபுரம் என்று தொடங்கினேன். ஜெர்மன்காரர் ஆயிற்றே என்று மிஷனரி சீகன்பால்கையும் இழுத்தேன். 1682-இல் அவர் பிறந்த புல்ஸ்னிட்ஸ் ட்ரெஸ்டனுக்குப் பக்கத்தில்தான். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார், தமிழ் கற்றார், 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார் என்று விளக்கினேன். பாட்டி பொறுமையாகக் கேட்டார். "அது அவர்களுடைய கதை. நான் உங்களைக் கேட்டேன்" என்றார்.

காப்பி ஆறிப்போயிருந்தது. 'இப்படி நீ குளிருமின்றி அனலுமின்றி வெதுவெதுப்பாயிருக்கிறபடியினால்' என்று பைபிளில் லவோதிக்கேயா சபைக்கு எழுதிய வசனம் எங்கள் ஓய்வுநாள் பள்ளி மனப்பாடப் போட்டியில் வந்தது. பரிசு வாங்கியிருக்கிறேன், எவர்சில்வர் டம்ளர்.

அதற்குப் பிறகு பெரிய அற்புதம் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஞாயிறு காலையில் போகிறேன். இரவில் வீட்டில் குடும்ப ஜெபம் உண்டு, சிறியதாக. ஒரு சங்கீதம், என் மனைவி ஒரு பாட்டு, மகள் ஜெர்மனில் ஒரு வரி. முதல் வாரம் எனக்கே கூச்சமாக இருந்தது, வெகுநாள் பேசாத சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி. பாட்டி ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார், 'லோசுங்கன்'. நாளுக்கொரு வசனம், அதுவும் சீட்டுக் குலுக்கி எடுத்தது. இங்கிருந்து கிழக்கே ஹெர்ன்ஹுட் என்ற ஊரில் 1731-லிருந்து வருஷந்தோறும் அச்சாகிறது. மொராவியாவிலிருந்து அகதிகளாக வந்து, சின்சென்டோர்ஃப் பிரபுவின் நிலத்தில் குடியேறி, ஆளாளுக்குச் சண்டைபோட்டுக் கிடந்த சபை அது. 1727 ஆகஸ்டில் ஒரு நற்கருணை ஆராதனையில் ஒப்புரவானார்கள். அந்த மாதமே முறைவைத்து இரவும் பகலும் தொடங்கிய ஜெபம் நூறு வருஷம் ஓயவில்லை என்கிறார்கள். சண்டைக்காரச் சபைக்கும் விமோசனம் உண்டு என்பதில் எங்கள் திருமண்டலத்தை நினைத்து எனக்குத் தனி ஆறுதல்.

இந்த ஊர் பழகிவிட்டது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். டிசம்பர் 31 வந்தது. பன்னிரண்டு மணிக்கு ட்ரெஸ்டன் முழுக்க வெடிச்சத்தம். எனக்கோ காதில் ஊர்க்கோயில் மணி. புதுச்சட்டையின் மொடமொடப்பு, தூங்கி விழுகிற தம்பி, ஐயர் நீட்டுகிற தட்டிலிருந்து, அந்த வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை. அந்த அட்டையைப் பைபிளுக்குள் வைத்துவிட்டு வருஷம் பூராவும் பார்க்க மாட்டோம், அது வேறு விஷயம். ஜன்னலை மூடிவிட்டு ஜனவரி முதல் தேதிக்கான வசனத்தை லோசுங்கனில் எடுத்து, தமிழ் பைபிளில் தேடி வாசித்தேன். மனைவி, "அட்டை இல்லாட்டி என்ன, வசனம் இருக்குல்ல" என்றாள். எனக்கு அட்டையும் வேண்டியிருந்தது.

வரி இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதிகம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கையெழுத்துப் போட மட்டும் போகவில்லை.

பாட்டியைப் பற்றி அம்மாவிடம் சொன்னபோது பெயரைக் கேட்டு, தன் வாய்க்குத் தோதாகச் சுருக்கிக்கொண்டு ஜெபக் குறிப்பில் எழுதிவிட்டாள். அவருக்கு முழங்கால் வலி என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தேன். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் கோயிலுக்குப் போனாயா என்ற கேள்வியே கிடையாது. எடுத்த எடுப்பில், "அந்த அம்மாவுக்கு முட்டு எப்படிய்யா இருக்கு?"

போகாமல் எப்படிப் பதில் சொல்வது?