தெரியும் ஆச்சி

ஆச்சி கேட்டது என்னை இல்லை. அவர் ராத்திரி எழுந்தால் விளக்கைப் போட்டு, சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கும் சொல்லும் சென்சாரை வைத்த மாணவனைத்தான் கேட்டார். "நான் ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறேன்னு அவனுக்கு அங்க தெரியுமா தம்பி?"

"அது உங்க பாதுகாப்புக்குத்தான் ஆச்சி" என்று பையன் ஆரம்பித்தான். அவன் முடிப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "தெரியும் ஆச்சி. எத்தனை தடவை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எல்லாம் தெரியும்."

"மருமகளுக்கும்?"

"அவங்க போன்லயும் அந்தச் செயலி இருந்தா தெரியும்."

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப வெளிச்சம் மட்டும் இருக்கட்டும். மத்தது வேணாம்" என்றார்.

இது நடந்து பல மாதம் ஆகிறது. ஆச்சி நன்றாக இருக்கிறார், விழவில்லை. அன்று நான் சொன்னது உண்மை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது நானா, அந்தப் பையனா, சிங்கப்பூரில் இருக்கும் மகனா என்பதில்தான் மனம் ஒரு நிலைக்கு வர மாட்டேன் என்கிறது.

வயதானவர்கள் சொந்த வீட்டிலேயே இருந்து வாழ உதவும் கருவிகளை வடிவமைக்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை. காரைக்குடிப் பக்கம் நடக்கும் எங்கள் பயிற்சியில் பொறியியல் மாணவர்களோடு வேலையில் இருப்பவர்களும் சேருவார்கள். அந்தக் குழுவில் ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு எலக்ட்ரீஷியன், மென்பொருள் கம்பெனிகளில் வேலை பார்க்கும் சிலர் இருந்தார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும், சாய்தளம் 1:12-க்கு மேல் செங்குத்தாகப் போகக்கூடாது என்றெல்லாம் வகுப்பில் எண்களாகச் சொல்லிவிடலாம். அந்த எண்களுக்கு அர்த்தம் தெரிவது வீட்டுக்குள் போன பிறகுதான். பள்ளத்தூரில் ஆச்சியின் வீடு எங்களுக்குக் கிடைத்தது அவருடைய மகனால். அவரே கேட்டு, அவரே செலவையும் ஏற்றுக்கொண்டார்.

முதல் நாள் பையன் தன் அபாய மணியை அழுத்திக் காட்டினான். நாங்கள் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டோம். ஆச்சி தலை நிமிராமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கடையில் கிடைக்கும் பீசோ பஸ்ஸர் என்னும் சின்ன ஒலிப்பான்கள் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான கீச்சு ஒலியில்தான் பலமாகக் கத்தும். வயதாகும்போது காது முதலில் கைவிடுவதும் உயர்ந்த ஒலிகளைத்தான். பையன் மறுநாள் ஒரு ஸ்பீக்கரைப் பொருத்தி 500 ஹெர்ட்ஸ் பக்கம் இறக்கிக்கொண்டு வந்தான். "என்னமோ உறுமுது" என்று ஆச்சி நிமிர்ந்து பார்த்தார். அவன் முகத்தில் அன்று தெரிந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. இதை எழுதும்போது அதையும் சேர்த்துத்தான் நினைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பின்னால் நான் வேண்டாமென்று ஆக்கியது அதே பையனின் வேலையை.

வீடும் அவர்களுக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. முகப்பில் வைத்த வைஃபை வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டுக்கு வரவே இல்லை, அந்தச் சுவர் அப்படி. சென்சாரை ஒட்டினால் எடுக்கும்போது பூச்சின் வழவழப்பு பெயர்ந்து வரும். கதவு நிலையில் துளை போடலாமா என்று ஒருவன் கேட்டதும் எலக்ட்ரீஷியன் அண்ணன், "பங்காளிகளைக் கேக்காம ஒரு ஆணி அடிக்க முடியாது தம்பி, இது இவங்க ஒருத்தர் வீடு இல்ல" என்றார். கைப்பிடிக் கம்பி பொருத்தும் திட்டம் அதோடு நின்றது. கடைசியில் எல்லாவற்றையும் தரையில் நிற்கும் தாங்கிகளில் வைத்தார்கள்.

முதுமை எப்படி இருக்கும் என்று உணர, மூக்குக்கண்ணாடியில் வாசலின் தடவி, காதில் பஞ்சு வைத்து, தடித்த கையுறை மாட்டி மாணவர்களை நடக்கவிடும் பயிற்சி பல நாடுகளில் உண்டு, நானும் செய்யவைக்கிறேன். அப்படி நடந்த பெண் நிலைப்படியில் தடுக்கி விழப் பார்த்தாள். ஆச்சி இருட்டிலேயே அதைத் தாண்டுவார். "கண்ணு எதுக்கு, காலுக்குத் தெரியும்" என்பார். அவருக்குப் பயம் ஒரே ஒரு இடத்தில்தான். பின்கட்டில் மகன் புதிதாகக் கட்டிக்கொடுத்த குளியலறைக்கு இறங்கும் படி. அதன் உயரம் வீட்டின் மற்ற படிகளைப் போல இல்லை, காலுக்கு இன்னும் பழகவில்லை. முதுமை என்றால் குறைகளின் பட்டியல் என்று நினைத்துக்கொண்டு வரும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடத்தை என்னால் எழுதிக்கொடுக்க முடியாது.

அந்தப் படிக்குத்தான் பையன் கருவி செய்தான். உடல் வெப்பம் நகர்வதைக் கண்டுபிடிக்கும் அகச்சிவப்பு சென்சார் அது. ஆச்சி கட்டிலிலிருந்து எழுந்ததும் படியருகே மங்கலான மஞ்சள் விளக்கு எரியும். அதே சென்சாரின் கணக்கு மகனுடைய போனுக்கும் போகும். குளியலறையில் வழக்கத்தைவிட அதிக நேரம் அசைவு இல்லாமல் இருந்தால் எச்சரிக்கை போகும். சும்மா உட்கார்ந்திருப்பதையும் விழுந்து கிடப்பதையும் பிரித்தறிய அவன் பல ராத்திரி கண்விழித்து நிரல் எழுதினான். ஆச்சி "வெளிச்சம் மட்டும்" என்றதும், சில வரிகளை நீக்கியதோடு அந்த உழைப்பு போய்விட்டது.

அன்று மாலை மகன் போன் செய்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மேடம், அங்க ராத்திரி மூணு மணின்னா இங்க அஞ்சரை. நான் எழுந்ததும் முதல்ல பாக்கப்போறது அதைத்தான். ஆத்தா எழுந்து நடந்துட்டாங்கன்னு தெரிஞ்சா போதும். விழுந்து கிடந்தா காலையில பால்காரர் வந்துதான் பாக்கணும்" என்றார். அப்புறம், "விழுந்தா யார் பொறுப்பு?" என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "அவங்க வேணாம்னு சொன்னாங்க சார்" என்றேன். அது பதில் ஆகாது என்பது இருவருக்கும் தெரிந்தது.

பிசியோதெரபிஸ்ட் அக்கா என்னை நேராகவே கேட்டார். "கருவி என்ன சொல்லும்னு சொன்னீங்க. தரையில ஒரு மணி நேரம் கிடந்தா என்ன ஆகும்னு ஏன் சொல்லல?" எழுந்திருக்க முடியாமல் தரையில் கிடந்தால் உடலில் நீர் வற்றும், அழுந்திய இடத்தில் தசை சிதையும், சிறுநீரகம் வரை பாதிக்கும். எலும்பே முறியாவிட்டாலும் ஆபத்துதான். உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது, அதில் அதிகம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். இடுப்பெலும்பு முறிந்தவர்களை நடக்கவைக்கப் பாடுபடுபவர் அவர். அவர் கேட்டால் அதில் நியாயம் இருக்கும்.

என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். விழுவதைப் பற்றி ஆச்சிக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவருடைய மாமியார் அதே வளவில் விழுந்து படுக்கையானவர், பார்த்துக்கொண்டவர் ஆச்சி. அவருக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டி யாரிடம் என்ன சொல்கிறது என்பது. தெரியாததைத்தானே கேட்டார்? தெரியாததைத்தானே சொன்னேன்?

இப்படிச் சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்றால், வேறொன்று நினைவுக்கு வருகிறது. "மருமகளுக்கும்?" என்று அவர் கேட்டபோது, அந்தப் பதிலோடு எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். கொஞ்சம் பொறுத்து, எண்ணிக்கை போகாமல் செய்யலாம் ஆச்சி, மருமகளுக்குத் தெரியாமலும் வைக்கலாம் என்று பேச்சை நீட்டியிருந்தால் அவர் மனம் வேறு மாதிரி போயிருக்கலாம். ஆனால் அப்படி நீட்டுவது சம்மதிக்கவைக்கும் வேலை. சம்மதம் வாங்குவது எப்படி என்று நான் கற்றுக்கொடுப்பதில்லை, மறுக்க இடம் விடுவது எப்படி என்றுதான் கற்றுக்கொடுக்கிறேன்.

மாணவர்கள் கொண்டு வந்த சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. கையெழுத்து மகனுடையது. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், யாருடைய தரவோ அவருடைய சம்மதத்தைத்தான் கேட்கச் சொல்கிறது. அந்தக் கோரிக்கையை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பும் தரச் சொல்கிறது, தமிழும் அதில் அடக்கம். வகுப்பில் இதைப் பாடமாக எடுத்துவிட்டு, வீட்டில் ஆச்சி நேருக்கு நேர் கேட்கும்போது "பாதுகாப்புக்குத்தான்" என்ற ஒரு வார்த்தையில் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. 1997-இல் கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ் குழுவினர் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எழுதிய அனைவருக்குமான வடிவமைப்பின் ஏழு கோட்பாடுகளையும் நடத்துகிறேன். முதல் கோட்பாட்டின் கீழ், அந்தரங்கமும் பாதுகாப்பும் எல்லாப் பயனருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்று ஒரே வரியில் இருக்கிறது. எத்தனையோ முறை படித்த வரிதான். இரண்டும் ஒரே வீட்டில் எதிரெதிரே நின்றால் எதை விட்டுக்கொடுப்பது என்று அந்த வரியில் இல்லை.

பையன் திரும்பவும் வந்து கேட்டான். "நீங்க சொல்லலைன்னா அவங்க வேணாம்னு சொல்லியிருக்க மாட்டாங்கல்ல மேடம்?" ஆமாம் என்றேன். "அப்ப நான் என்ன சொல்லியிருக்கணும்?" என்றான். நான் சொன்னதையே சொல்லியிருக்க வேண்டும் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அவனுக்கு வேலை கிடைக்கப்போகும் கம்பெனிகளில் கருவிக்குப் பணம் கொடுப்பவர் வேறு, அதோடு வாழ்கிறவர் வேறு. நான் சொல்லும் பதிலோடு அங்கே அவனால் எத்தனை நாள் நிற்க முடியும்?

அவனாகவே இன்னொரு வழி யோசித்து வந்தான். எண்ணிக்கையே வேண்டாம், ராத்திரி எழுந்தது எதுவும் வெளியே போகாது. காலை ஏழு மணிக்குள் இரண்டாம் கட்டில் நடமாட்டமே இல்லையென்றால் மட்டும் ஒரே ஒரு செய்தி போகும். மகன் உடனே சரி என்றார். இந்த முறை ஆச்சியிடம் எல்லாவற்றையும் பையனே விளக்கினான், நான் வாய் திறக்கவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆச்சி சொன்னார்: "செய்தி சிங்கப்பூருக்குப் போகும். இங்க யாரு வருவா? கதவு உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கும்ல?"

நாங்கள் யாரும் யோசிக்காத இடம் அது. 108 வண்டியே வந்தாலும் அந்தக் கதவை எப்படித் திறப்பது? பின்கட்டுக் கதவின் சாவியைப் பக்கத்து வீட்டுப் பங்காளியிடம் கொடுக்கலாம் என்றார் மகன். ஆச்சிக்கு அதில் விருப்பமில்லை. எதிர்வீட்டில் இருக்கும் பெண்ணிடம் கொடுக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். இன்னும் கொடுக்கவில்லை. விளக்கு மட்டும் தினமும் எரிகிறது.

அடுத்த குழுவுக்கு இந்த வகுப்பை பிசியோதெரபிஸ்ட் அக்காவையே எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஒத்துக்கொண்டார், ஆனால் தரையில் ஒரு மணி நேரம் கிடந்தால் என்ன ஆகும் என்பதிலிருந்துதான் தொடங்குவேன் என்கிறார். பயத்தில் தொடங்கும் பிள்ளைகள் கடைசியில் கேமராவில்தான் போய் நிற்பார்கள் என்பது என் கட்சி. பயம் தெரியாத பிள்ளைகள் விளக்கோடு நின்றுவிடுவார்கள் என்கிறார் அவர். பாடத்திட்டம் இன்னும் முடிவாகவில்லை.