நீரைத் தேடி அடுக்கிய நூல்கள்

நூலகத்தின் குறிப்புதவி மேசையில் நான் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், பாலைவனத்தில் நெடுநடை செல்லவிருந்த ஓர் இளம்பெண் அதற்குத் துணையாக ஒரு புத்தகம் கேட்டு வந்தார். அந்த வாரம்தான் படித்து முடித்து மனம் நிறைந்திருந்த ஒரு பயண நூலை நான் எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாளே அவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். "புத்தகம் நன்றாக இருக்கிறது, மேடம். ஆனால் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் சுமக்க வேண்டும் என்று இதில் எங்குமே இல்லையே" என்றார். அந்த நூலில் விடியற்காலத்து மணல்மேடுகளின் நிறம் மட்டும் நான்கு பக்கங்களுக்கு வருணிக்கப்பட்டிருந்தது. நீரைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்பதை, அவர் சொன்ன பிறகுதான் நான் உணர்ந்தேன். நெடுநடைக்கான வழிகாட்டி ஒன்றைத் தேடித் தந்தேன். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை, எனவே அடுத்த நீர்நிலை எவ்வளவு தொலைவு என்பதே முதுகுச் சுமையை முடிவு செய்கிறது என்று அதன் முதல் அதிகாரமே தொடங்கியது.

அன்று முதல் பாலைவன நூல் எது கைக்கு வந்தாலும், நீர் பேசப்படும் பக்கத்தைத்தான் முதலில் தேடிப் படிக்கிறேன். ஓர் எழுத்தாளர் பாலையை அறிந்து எழுதியிருக்கிறாரா, பின்னணித் திரையாக மட்டும் தொங்கவிட்டிருக்கிறாரா என்பதை அந்தப் பக்கம் சொல்லிவிடுகிறது.

பல ஆண்டுகள் கழித்து, மாதம் ஒரு பொருளில் நூல்களைக் காட்சிக்கு வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, பாலைவனத்தைத் தேர்ந்தெடுத்தேன். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டியூயி தசம வகைப்பாட்டின்படி அடுக்கப்பட்ட நூலகத்தில் பாலைவனத்துக்கென்று ஒரே இடம் கிடையாது. மணலின் நிலவியல் 551.415 இல் இருக்கிறது, உயிர்ச்சூழல் 577.54 இல், நடைப்பயணம் 796.51 இல், துறவிகள் இருநூறுகளில், தமிழ்க் கவிதை 894.811 இல். தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு மூன்று தளங்களையும் சுற்றிவர எனக்கு ஒரு முற்பகல் முழுவதும் ஆயிற்று.

எதைச் சேர்ப்பது என்ற கேள்வியிலேயே நீர் மீண்டும் வந்து நின்றது. ஆண்டு மழைப்பொழிவு 250 மில்லிமீட்டருக்கும் குறைவான நிலத்தைப் பாலைவனம் என்று கொள்வதே புவியியலில் பரவலாக உள்ள வழக்கம். மணலுக்கு அந்த வரையறையில் இடமில்லை. உலகப் பாலைநிலங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் மணற்பரப்பு. அந்தக் கணக்கில் அண்டார்டிகாவே மிகப் பெரிய பாலைவனம். எனவே பனிப்பயண நூல் ஒன்றையும் வண்டியில் ஏற்றினேன். உடன் பணியாற்றியவர் ஏற்கவில்லை. வரையறையைக் காட்டிய பிறகும் அவர் முகம் தெளியவில்லை.

காற்றால் மணல் எப்படி நகர்கிறது என்பதை இயற்பியலாக எழுதி 1941 இல் வெளியிட்ட ரால்ஃப் பாக்னால்டின் நூலை, சூத்திரங்கள் நிறைந்தது என்று தள்ளிவிடாமல் முன்வரிசையில் வைத்தேன். கார்களில் லிபியப் பாலைவனத்தை ஆராய்ந்த அவர், ரேடியேட்டரில் கொதித்து வெளியேறும் ஆவியைக் குளிரவைத்து நீராக்கி மீண்டும் அதற்கே அனுப்பும் ஏற்பாட்டைக் கையாண்டவர். மணலை இவ்வளவு நுட்பமாக அளந்தவர் நீரையும் துளித்துளியாகக் கணக்கிட்டவராக இருந்தது எனக்கு நிறைவளித்தது.

பயணிகளின் வரிசையில் நான் அதிகம் பேருக்குக் கொடுத்தது, விமானியும் எழுத்தாளருமான செந்த் எக்சுபெரி 1939 இல் வெளியிட்ட நினைவு நூல். 1935 டிசம்பர் இறுதியில் அவருடைய விமானம் லிபியப் பாலைவனத்தில் மோதி விழுந்தது. அவரும் இயந்திரப் பணியாளர் பிரெவோவும் உயிர் பிழைத்தார்கள்; குடிநீர்க் கலம் பிழைக்கவில்லை. இடிபாடுகளுக்கிடையே கிடைத்த ஓர் ஆரஞ்சுப் பழத்தை இருவரும் பகிர்ந்து உண்கிறார்கள். இரவில் பாராசூட் துணியை விரித்து, அதில் இறங்கிய பனியைப் பிழிந்து குடிக்கிறார்கள். அது வயிற்றில் தங்காமல் வாந்தியாக வெளியேறுகிறது. இறுதியில் பெதுவின் என்னும் பாலைவன நாடோடி இனத்து மனிதர் ஒருவர் அவர்களைக் கண்டு நீர் கொடுக்கிறார். அதன்பின் வரும், நீரை நேரில் விளித்துப் பேசும் அந்தப் பத்தியை நான் பலமுறை படித்திருக்கிறேன். படிக்கும்போதெல்லாம் எழுந்து சென்று ஒரு குவளை நீர் பருகிவிட்டுத்தான் தொடர்கிறேன். 1943 இல் வெளிவந்த அவருடைய குட்டி இளவரசனின் கதையில், பாலையின் அழகுக்குக் காரணம் அது எங்கோ மறைத்து வைத்திருக்கும் கிணறு என்று ஏன் வருகிறது என்பதை இந்த நூலைப் படித்தவருக்கு விளக்க வேண்டியதில்லை.

காதல் புதினங்கள் என்னைச் சோதித்தன. 1919 இல் வெளிவந்த 'ஷேக்' என்னும் ஆங்கிலப் புதினத்தின் பெருவெற்றிக்குப் பிறகு, கூடாரமும் குதிரையும் நிலவும் கொண்ட கதைகள் ஒரு தனி வகையாகவே பெருகின. அவற்றுள் பெரும்பாலானவற்றில் எவருக்கும் தாகமே எடுப்பதில்லை. இரண்டை மட்டும் எடுத்து வைத்தேன். அவற்றை விரும்பிப் படிப்பவர்களுக்கும் அந்த அடுக்கில் உரிமை உண்டு. மைக்கேல் ஒண்டாச்சியின் 1992ஆம் ஆண்டுப் புதினம் வேறு வகை. எகிப்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கில்ஃப் கெபிர் பகுதியில், நீந்துவது போன்ற மனித உருவங்கள் தீட்டப்பட்ட குகையை, அதன் நாயகனுக்கு மாதிரியான ஹங்கேரிய ஆய்வாளர் அல்மாசி 1933 இல் கண்டறிந்தார். உலகின் மிக வறண்ட நிலங்களுள் ஒன்றில் நீச்சலின் ஓவியம்! காதலியைத் தனியே விட்டுச்செல்ல நேரும் இடமாக அந்தக் குகையையே புதினம் தேர்ந்துகொள்கிறது.

ஆனால் காதலையும் வறட்சியையும் ஒன்றாகப் பார்ப்பதற்கு நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை. அகநானூற்றைத் தொகுத்தவர் ஒற்றைப்படை எண்களை எல்லாம் பாலைக்கே கொடுத்துவிட்டார். 400 பாடல்களில் 200 பாலைப் பாடல்கள். எண்ணைக் கொண்டே திணையைச் சொல்லிவிடக்கூடிய அந்த ஒழுங்கைக் காணும்போது, என் தொழிலின் முன்னோர் ஒருவரைச் சந்தித்த உணர்வு ஏற்படுகிறது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்து கொள்ளும் வடிவமே பாலை என்று சிலப்பதிகாரம் சொல்வதும், மழையின்மையைக் கொண்டு பாலையை அளக்கும் புவியியல் வரையறையும் எனக்கு வேறுவேறாகத் தோன்றவில்லை. பாலையின் உரிப்பொருள் பிரிவு. அந்தப் பிரிவைப் பேச வந்த ஐந்திணை ஐம்பதில் மாறன் பொறையனார் ஒரு சுனையைக் காட்டுகிறார். அதில் இருக்கும் சிறிதளவு நீர் இரண்டு மான்களுக்குப் போதாது. பெண்மான் வயிறாரக் குடிக்கட்டும் என்று ஆண்மான் வாயை மட்டும் வைத்துக் குடிப்பதுபோல் நடிக்கிறது. 'கள்ளத்தின் ஊச்சும்' என்கிறது பாட்டு. அந்தப் பக்கம் திறந்திருக்கும்படியே அந்த மெல்லிய நூலைக் காட்சியின் நடுவில் வைத்தேன். பாலையில் நிகழும் காதலுக்கு இதற்கு மேல் ஒரு காட்சியை நான் எந்தப் புதினத்திலும் கண்டதில்லை.

அதன் அருகிலேயே எகிப்தியப் பாலைவனத் துறவிகளின் வாய்மொழித் தொகுப்பை வைத்தது சிலருக்கு வியப்பாக இருந்தது. அதில் யோவான் என்னும் இளந்துறவி வருகிறார். அவருடைய குரு ஒரு காய்ந்த கோலை மணலில் நட்டு, அது கனி தரும்வரை நாள்தோறும் ஒரு குடம் நீர் ஊற்றச் சொல்கிறார். நீர் இருக்கும் இடமோ வெகு தொலைவு. மாலையில் புறப்பட்டால் மறுநாள் காலையில்தான் திரும்ப முடியும். மூன்று ஆண்டுகள் ஊற்றியபின் கோல் தளிர்த்துக் கனி தந்ததாம். பணிவுக்கான கதையாகவே இதைச் சொல்வார்கள். எனக்கோ, அந்தத் தொலைவை நேரக் கணக்கோடு யாரோ குறித்து வைத்ததால்தான் கதை உண்மையின் எடையோடு நிற்கிறது.

மாத முடிவில் காட்சியைக் கலைத்து, ஒவ்வொரு நூலையும் அதனதன் எண்ணுக்கே திருப்பி அடுக்கினேன். ஆனால் அவற்றை மீண்டும் தொடர்பறச் சிதறவிட மனம் வரவில்லை. மாலை வேளைகளில் கணினிப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பதிவிலும் பொருள் தலைப்பாகப் பாலைவனம் என்பதோடு நீர் என்பதையும் சேர்த்தேன்; முன்வரிசையில் வைத்த இயற்பியல் நூலுக்கும், சர்ச்சைக்குள்ளான அண்டார்டிகாவுக்கும் அவ்வாறே செய்தேன். ஐந்திணை ஐம்பதுக்கு மட்டும் மான் என்ற சொல்லையும் கூடுதலாக எழுதினேன், அதைத் தேடி வருபவரும் அந்தச் சுனைக்குப் போய்ச் சேரட்டும் என்று.