சதுப்பு நிலத்தில் ஒரு பருவகால வேலை

விவசாயப் பட்டத்தோடு கனடா வந்து களஞ்சியங்களில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த எனக்குப் படிப்புக்கேற்ற முதல் வேலை தெற்கு ஒன்ராறியோவின் சதுப்பு நிலத்தில்தான் கிடைத்தது. பர்ப்பிள் லூஸ்ஸ்டிரைஃப் செடியையும் அதைத் தின்னும் வண்டையும் கணக்கெடுக்க வேண்டும். மே மாதம் தொடங்கிச் செப்டெம்பரில் முடியும்.

ஜூலையில் சாலையோரமெங்கும் ஊதாவாகப் பூக்கும் இந்தச் செடியை வந்த புதிதில் நானும் ரசித்திருக்கிறேன். ஐரோப்பாவிலிருந்து 1800களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவுக்கு வந்தது. நன்கு வளர்ந்த ஒரு செடி ஆண்டுக்கு 20 இலட்சத்துக்கும் மேல் விதை கொட்டும். அது அடர்ந்த இடத்தில் சம்பங்கோரை ஒடுங்கிவிடும், அதில் கூடு கட்டும் பறவைகளும் இடமிழக்கும். பிடுங்கியும் மாளாது. வேர்த்துண்டு தங்கினாலே மறுபடி துளிர்க்கும்.

அதனால்தான் வேறு செடிகளைத் தின்னுமா என்று நன்கு சோதித்த பிறகு, 1992இல் கேலெருசெல்லா வண்டுகளை ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அரை சென்றிமீற்றர் அளவேயான பழுப்பு வண்டு.

மார்புவரை ரப்பர் உடுப்போடு சேற்றில் இறங்கி, ஒரு மீற்றர் சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் இருக்கும் தண்டுகளையும் முட்டைக் கூட்டங்களையும் எண்ணுவோம். நுனித் துளிரை மெல்லப் பிரித்தால் உள்ளே மஞ்சள் புழு சுருண்டிருக்கும். இலையை வெளிச்சத்தில் பிடித்தால் குண்டூசியால் குத்தியதுபோல் துளைகள். ஜூன் கடைசியில் செடியே கருகியதுபோல் பழுப்பாகிவிடும். அதைப் பார்க்கையில் எனக்கு வரும் மகிழ்ச்சியை வீட்டில் யாருக்கும் விளக்க முடிவதில்லை!

வண்டு செடியை அடியோடு அழிக்காது. செடி குறைந்தால் வண்டும் குறையும், செடி தலையெடுத்தால் பின்னாலேயே வண்டும் பெருகும். மருந்தடித்தால் உடனே தீருமே என்பவர்களுக்கு இந்தப் பொறுமை பிடிப்பதில்லை. இலங்கைக் குளங்களில் சல்வீனியா என்ற மிதக்கும் களையை அடக்க 1986இல் கூன்வண்டு விட்டதைப் படித்தவன் நான், எனக்கு இதில் முழு நம்பிக்கை உண்டு.

மாலையில் உடம்பெங்கும் உண்ணி தேடுவது கட்டாயம், அது கடித்தால் தொற்றக்கூடிய லைம் நோய் விளையாட்டல்ல. காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகப் பழக்கியவர் கூட வேலை செய்த உள்ளூர்ப் பெண். சம்பங்கோரையில் எது உள்ளூர் வகை, எது வந்தேறியது என்று பிரித்துக் காட்டியவரும் அவரே.

தாவரவியலோ விவசாயமோ படித்துவிட்டு இங்கே அதை மூட்டை கட்டி வைத்திருக்கும் நம்மவர்கள் இவ்வகை வேலைகளுக்குத் தயங்காமல் விண்ணப்பியுங்கள். அறிவிப்புகள் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே வந்துவிடும், கோடையில் தேடினால் கிடைக்காது. பல இடங்களில் வாகன அனுமதிப்பத்திரம் கேட்பார்கள், அதை முதலில் எடுத்துவிடுங்கள்.