கன்றுடன் நிற்கும் பசு

வாலிநோக்கம் கடற்கரையோர ஒற்றையடிப் பாதையில் இன்று விடியற்காலையில் ஓடிக்கொண்டிருந்தபோது, சீமைக்கருவேல மரங்களுக்கிடையே இளங்கன்றுடன் ஒரு பசு நின்றிருந்தது.

அதன் காதுகள் இரண்டும் என் பக்கம் திரும்பின. தலை மெல்லத் தாழ்ந்தது. முன்னங்கால் ஒருமுறை மணலைக் கிளறியது.

அந்தக் கிளறல் தெளிவான எச்சரிக்கை. ஓட்டத்தை நிறுத்தி, பசுவின் மீது ஒரு கண் வைத்தபடி, கன்றுக்கு எதிர்ப்பக்கமாக வெகுதூரம் விலகி நடந்து கடந்தேன்.

கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால், மாட்டினால் ஏறத்தாழ 300 பாகை அளவுக்குப் பார்க்க முடியும் என்றாலும், நேர் பின்புறம் அதற்குத் தெரியாது; அங்கிருந்து திடீரென்று கேட்கும் காலடியோசை எந்தச் சாதுவான மாட்டையும் மிரளச் செய்யும். தொலைவிலேயே குரல் கொடுத்துவிட்டு நடந்து செல்வதே முறை.

தாய்க்கும் கன்றுக்கும் நடுவே மட்டும் ஒருபோதும் புகக் கூடாது.

நாயுடன் ஓடுபவர்கள், மாடு துரத்தினால் கயிற்றை உடனே விட்டுவிட வேண்டும். மாடு பெரும்பாலும் நாயைத்தான் குறிவைக்கும். நாய் ஓடித் தப்பிவிடும், நம்மால் அந்த வேகத்தில் ஓட முடியாது.

காவலர் தேர்வுக்காக இருட்டிலேயே ஓடிப் பழகும் நம் ஊர்ப் பிள்ளைகளே, மேய்ச்சல் நிலத்தைத் தாண்டும்வரையாவது இயர்போனைக் கழற்றி வைத்திருங்கள்.