ரோட்ஜர்ஸின் மனக்கசப்பு
காட்பாடியில் திங்கட்கிழமை விடியலில் அமெரிக்கக் கால்பந்து பார்க்கும் எனக்கு, ஆரன் ரோட்ஜர்ஸுக்கும் அவர் ஆடிய கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் நிர்வாகத்துக்கும் இடையே எழுந்த பிணக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

2011 பிப்ரவரியில், பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் கோப்பையை வென்று தந்த குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்) அவர். அவரிடம் முன்கூட்டி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், அணிகள் வரிசை முறையில் புதிய வீரர்களை எடுக்கும் 2020 வீரர் தேர்வில், நிர்வாகம் அந்த வரிசையில் நான்கு இடங்கள் முன்னேறி, 26ஆவதாக ஜோர்டான் லவ் என்ற இளம் குவார்ட்டர்பேக்கைத் தேர்ந்தெடுத்தது. வேலூர்க் கோட்டை மைதானத்து மாலை ஆட்டத்தில்கூட, மூத்தவரைக் கேட்காமல் அவரிடத்தில் இன்னொருவரை நிறுத்த எங்களுக்கு மனம் வராது. அந்தப் பருவத்திலும் அடுத்த பருவத்திலும் மிகச் சிறந்த வீரர் விருதை ரோட்ஜர்ஸே பெற்றார். தம் வேலையைப் பாதிக்கும் முடிவுகளில் தம் கருத்தையும் கேட்க வேண்டும் என்று 2021 ஜூலையில் அவர் வெளிப்படையாகப் பேசியது முற்றிலும் நியாயம் என்றே கருதுகிறேன். 2023 ஏப்ரலில் அவர் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார்.