விக்கா என்றால் பில்லி சூனியமா?

விக்கா என்ற பேச்சை எடுத்தாலே சாத்தான் வழிபாடு என்கிறார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. சாத்தானுக்கு அதில் இடமே கிடையாது. இயற்கையைப் போற்றும் மதம் அது, 20-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவானது. அங்கே சூனியம் செய்வதாகச் சொல்பவர்களைத் தண்டித்த 1735-ன் சூனியச் சட்டம் 1951-ல் ரத்தானது. மூன்று வருடத்தில் ஜெரால்டு கார்ட்னர் என்ற ஆங்கிலேயர் ஒரு புத்தகம் எழுதி இதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். இளவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த மனிதர்! இது ஆதிகாலத்திலிருந்து தொடர்ந்து வருவது என்று அவர் சொன்னதை வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. சரி, புதிய மதம் என்றால் மட்டமா என்ன?

பெரும்பாலோர் வணங்குவது ஒரு தாய்த்தெய்வத்தையும் கொம்புள்ள ஆண்தெய்வத்தையும். அந்தக் கொம்பைப் பார்த்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். அது காட்டுக்கும் மிருகங்களுக்கும் உரிய கொம்பு.

சடங்கு தொடங்கும்போது கறுப்புப் பிடி போட்ட ஒரு கத்தியால் தரையைச் சுற்றி வட்டம் வரைவார்கள். அத்தாமே என்று அதற்குப் பெயர். மரபுப்படி அதை எதையும் வெட்டப் பயன்படுத்துவதில்லை. அப்புறம் கிழக்கில் காற்று, தெற்கில் நெருப்பு, மேற்கில் நீர், வடக்கில் நிலம் என்று நான்கையும் அழைப்பார்கள். முடிவில் கேக்கும் ஒயினும் பகிர்ந்துகொள்வார்கள். வருடத்துக்கு எட்டுப் பண்டிகைகள். அக்டோபர் 31-ல் வரும் ‘சாவின்’ (Samhain) என்ற பண்டிகையன்று இறந்தவர்களை நினைப்பார்கள். யாருக்கும் தீங்கில்லாமல் உன் விருப்பப்படி செய் என்பதே அவர்களுடைய நெறி.

அமெரிக்காவில் ராணுவ வீரர்களின் கல்லறையில் இவர்களுடைய ஐமுனை நட்சத்திரத்தைப் பொறிக்க 2007-ல்தான் அனுமதி கிடைத்தது, அதுவும் வழக்குப் போட்ட பிறகு.