ஃபீனிக்ஸில் வீட்டு விலை தரை தட்டியது எப்போது?

ஆபீசில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி போன வாரம் கேட்டார்: "அக்கா, ரிசஷன் வந்தா வீட்டு விலை இறங்கும்ல? அதுவரைக்கும் வாடகையிலயே இருந்துடட்டுமா?" அன்றைக்கு மீட்டிங் அவசரத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. 2008-லிருந்து அரிசோனாவில், ஃபீனிக்ஸுக்குப் பக்கத்து ஊரான சாண்ட்லரில் வாடகைக்கு இருந்துகொண்டு, வீட்டு விற்பனை லிஸ்டிங்குகளை ராத்திரி ராத்திரியாகப் பார்த்தவள் நான். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ரிசஷன் (பொருளாதார மந்தநிலை) ஒரு கணக்கில் ஓடும், வீட்டு விலை வேறொரு கணக்கில் ஓடும். 2008-ஐ ஒட்டி அமெரிக்காவில் வந்த ரிசஷன் 2007 டிசம்பரில் தொடங்கி 2009 ஜூனில் முடிந்தது என்பது அதிகாரபூர்வக் கணக்கு. ஆனால் ஃபீனிக்ஸில் விலை 2006 நடுவிலேயே உச்சம் தொட்டு இறங்க ஆரம்பித்துவிட்டது. அடிமட்டத்துக்கு வந்தது 2011 இலையுதிர் காலத்தில், அதாவது ரிசஷன் முடிந்து இரண்டு வருடம் கழித்து. 2000 ஜனவரி விலையை 100 என்று வைக்கும் கேஸ்-ஷில்லர் வீட்டு விலைக் குறியீடு, ஃபீனிக்ஸுக்கு உச்சத்தில் 227 வரை போய், 2011-இல் கிட்டத்தட்ட மறுபடி 100-க்கே வந்து நின்றது.

நடுவில் ஒரு பொய் மீட்சியும் வந்தது. முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு 8,000 டாலர் வரிச்சலுகை கொடுத்தார்கள். 2010 ஏப்ரல் 30-க்குள் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். அந்த வசந்தத்தில் விற்பனை வீட்டைச் சுற்றிக் காட்டும் ஓப்பன் ஹவுஸ் வாசலில் செருப்பு விட இடமில்லை. "விலை ஏறுது, இப்பவே வாங்கிடுங்க" என்று எல்லாரும் சொன்னார்கள். கெடு முடிந்ததும் கூட்டம் கலைந்தது. விலை திரும்பவும் சரிந்து, 2009-இன் அடிமட்டத்துக்கும் கீழே போனது. சலுகை புதிதாக ஆட்களைக் கொண்டுவரவில்லை. அடுத்த வருடம் வாங்கவேண்டியவர்களை முன்னாலேயே இழுத்து வந்தது, அவ்வளவுதான்.

விலையைக் கீழேயே பிடித்து வைத்திருந்தது, கடன் தவணை கட்ட முடியாமல் போய் பேங்க் கைக்கு வந்த வீடுகள். பக்கத்து ஊரான கில்பர்ட்டில் நாங்கள் பார்த்த ஒன்று இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அடுப்பு இருந்த இடத்தில் வெறும் கேஸ் குழாய். அலமாரிக் கதவுகளைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வெளியே ஏசி யூனிட்டைச் செம்புக்காக யாரோ அறுத்து எடுத்திருந்தார்கள். நீச்சல் குளம் பாசி பிடித்துப் பச்சையாக, கொசு மொய்த்துக் கிடந்தது. தண்ணீரை நிறுத்தியதால் சொட்டுநீர்க் குழாய் வறண்டு, பின்பக்க எலுமிச்சை மரம் கருகிவிட்டது. இந்த ஊர் வெயிலுக்கு ஒரு கோடை போதும். அந்தத் தெருவில் ஒழுங்காகத் தவணை கட்டிக்கொண்டிருந்தவர்களின் வீட்டுக்கும் இந்த வீட்டின் விலைதான் அளவுகோல் ஆனது. எனக்கு அதில்தான் அதிக வேதனை.

ஊர் முழுக்க ஒரே விலை என்றும் நினைக்கக் கூடாது. மகா கணபதி கோவில் இருக்கும் மாரிகோப்பா நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2000-இல் ஆயிரம் சொச்சம் பேர். 2010-இல் 43,000-க்கு மேல். "பட்ஜெட்டுக்குள் வருகிறவரை வண்டி ஓட்டு" என்று கடன் வாங்கி அங்கே போனவர்கள் நிறைய. வேலையோ சாண்ட்லர், ஃபீனிக்ஸ் பக்கம். போய்வர ஒரே நெடுஞ்சாலை, 347. 2008 கோடையில் பெட்ரோல் கேலன் நாலு டாலரைத் தொட்டபோது முதலில் வலித்தது அவர்களுக்குத்தான். இன்டெல் இருக்கும் சாண்ட்லரிலும் விலை பலமாக விழுந்தது. ஆனால் வேலைக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டைத் தேடி ஆள் வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

திருப்பம் வருவதை விலையில் பார்க்க முடியாது. கேஸ்-ஷில்லர் மூன்று மாதச் சராசரி, அதுவும் இரண்டு மாதம் தாமதமாக வரும். செய்தியில் வரும் மீடியன் விலை (விற்ற வீடுகளை விலைப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் விலை) இன்னும் குழப்பம்: பேங்க் வீடுகள் விற்பது குறைந்தாலே, எந்த வீட்டின் விலையும் ஏறாமல் மீடியன் மட்டும் ஏறிவிடும். நான் பார்த்தது விற்பனைக்கு நிற்கும் வீடுகளின் எண்ணிக்கையை. 2011-இல் அது மளமளவென்று குறைந்தது. விலை அப்போதும் அசையவில்லை.

அசைந்தபோது ஒரே பாய்ச்சல்: 2012-இல் மட்டும் 20 சதவீதத்துக்கு மேல். வட்டி நாலு சதவீதத்துக்கும் கீழே இருந்தும் எங்களைப் போன்ற சம்பளக்காரர்களின் ஆஃபர்கள் தோற்றுக்கொண்டே இருந்தன. முழுப் பணத்தையும் ரொக்கமாக வைக்கும் முதலீட்டாளரைக் கடன் வாங்கி வருகிறவர் எப்படி ஜெயிப்பது? பிளாக்ஸ்டோன் என்ற பெரிய முதலீட்டு நிறுவனம் வாடகைக்கு விடுவதற்காகத் தனி வீடுகளை வாங்கிக் குவிக்கத் தொடங்கியதும் அந்த வருடம்தான், தொடங்கிய ஊரும் ஃபீனிக்ஸ்தான். "மலிவாகக் கிடைக்கும்போது வாங்கலாம்" என்று சொல்கிறவர்கள், அந்த நேரத்தில் வேலை நிலையாக இருக்குமா, பேங்க் கடன் தருமா, ரொக்கக்காரர் வழி விடுவாரா என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். எச்1பி வேலை விசாவில் இருந்த பலருக்கு அப்போது வேலை போனது. அவர்கள் வீடு வாங்குவது இருக்கட்டும், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கே கிளம்பினார்கள்.

2006-இல் வாங்கி, விட்டுப் போகாமல் தவணை கட்டியவர்களைப் பற்றிச் செய்தியில் யாரும் பேசுவதில்லை. பாதிக்கு மேல் இறங்கிய விலை பழைய இடத்துக்கு வர இரண்டு மடங்குக்கு மேல் ஆக வேண்டும். 2012-இன் பாய்ச்சலை "மீட்சி" என்று எல்லாரும் கொண்டாடியபோது அவர்கள் இன்னும் பள்ளத்தில்தான் இருந்தார்கள். ஃபீனிக்ஸ் குறியீடு அந்தப் பழைய உச்சத்தை மறுபடி எட்டியது 2020 வாக்கில்தான்.